மருமகள் முடிக்கு ஒரு வேண்டுதல்

இன்னும் கால் மணி நேரம். அதுவரை கேஸ் தீர்ந்தாலும் சரி, வானமே இடிந்து விழுந்தாலும் சரி, இந்த வீட்டில் நான் இல்லை.

குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பாண்டீஸ்வரி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பது இதைத்தான். தலை முழுக்கச் செம்பருத்தி இலையும் வெந்தயமும் அரைத்த விழுது. அந்த வழவழப்பு இருக்கும்போதே விரலால் சிக்கெடுத்துவிட வேண்டும். நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே போய்ச் சேர்ந்து, முடியை அறுத்துக்கொண்டுதான் வெளியே வரும். முப்பத்தோரு வயதில், யாரும் சொல்லித்தராமல், தன் தலையிலேயே கற்றுக்கொண்டது.

அவளுக்குப் பிறவிச் சுருட்டை. தம்பி கல்யாணத்துக்குத் தேனியில் ஒரு பார்லரில் போய் அதை நேராக்கிக்கொண்டாள். கல்யாண வீடியோவில் பட்டு நூலாக விழுந்த முடி, ஆறு மாதத்தில் தேங்காய் நாராகிவிட்டது. வேரில் சுருட்டை, நுனியில் கருகல். ஒரே தலையில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பம் குடியிருப்பது போல இருந்தது. ஒருநாள் சீப்போடு கொத்தாக வந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் நின்று அழுதாள். மாமியார் மொக்கம்மாள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்கிறவள் அன்று வாயைத் திறக்காதது ஏன் என்று பாண்டீஸ்வரி அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்த வைத்தியமெல்லாம். அனுமந்தன்பட்டியில் அவர்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர். தலை துவட்டப் பூந்துண்டு கிடையாது, புருஷனின் பழைய வேட்டிதான், அதுவும் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. ஆளிவிதையைக் கொதிக்கவைத்துச் சூடாக இருக்கும்போதே வடிகட்டி, அந்தக் கூழைத் தலையில் தடவ ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். புருஷன் தங்கபாண்டி அதை நுங்குச் சர்பத் என்று நினைத்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றான்.

தலையில் நீர் விட்டு அலசும்போது காதுக்குள் எல்லாம் அடங்கிவிடும். சின்ன வயதில் அம்மா இந்தத் தலையைக் காட்டுச்செடி என்று திட்டிக்கொண்டே எண்ணெயைக் கொட்டி இழுத்துப் பின்னுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதை இரட்டைச் சடைக்குள் அமுக்கச் சொன்னார்கள். பார்லர்ப் பெண் மூக்கைச் சுளித்தாள். எல்லோரும் கைவைத்த தலைதான். அவள் கை மட்டும்தான் அவ்வளவு காலமும் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு சுருளும் விரலில் சுற்றிக்கொண்டு, விட்டதும் தானாகத் துள்ளி மேலே போகும்போது அவளுக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே இருந்த யாரோ ஒருத்தியோடு இப்போதுதான் பழகிக்கொண்டதைப் போல.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், வாசலிலேயே மொக்கம்மாள்.

"இந்தா, திரும்பு பாப்பம். வேட்டிய எடு." எடுத்தாள். "அம்மாடீ! இடுப்பத் தொட்டுருச்சே!"

"நனைஞ்சா இடுப்பு, காஞ்சா தோளு, அத்தே."

"இது என்ன முடியா, ரப்பரா?" மொக்கம்மாள் ஒரு சுருளை இழுத்து விட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "வார வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறோம். சுருளிப்பட்டிக்கு அங்கிட்டு, நம்ம பேச்சியம்மன் கோயிலு. கார் சொல்லியாச்சு."

"என்ன விசேசம்?"

"வேண்டுதலு. ஒனக்காகத்தான் ஆத்தா. அன்னைக்கு நீ முடிய கையில வச்சுக்கிட்டு அழுதியா, எனக்கு மனசு கேக்கல. நேரா அம்மன நெனச்சுச் சொல்லிட்டேன். எம் மருமக முடி பழையபடி வந்துருச்சுன்னா…"

"வந்துருச்சுன்னா?"

"அந்த முடிய மொட்ட போட்டு ஒனக்கே குடுத்துர்றேன் தாயேன்னு."

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பதா, உட்காருவதா என்று தெரியவில்லை. "முடி வளரணும்னு வேண்டிக்கிட்டு, வளந்ததும் எடுத்துர்றதா?"

"வளந்தாத்தான எடுக்க முடியும்?"

"அப்ப அது வளராமயே கெடந்திருக்கலாமே அத்தே!"

"அவசரத்துல வேற எதும் வாயில வரல ஆத்தா. கண்ணு நோவுன்னா கண்மலர் வாங்கிப் போடுறோம். காலு நோவுன்னா வெள்ளியில காலு. முடிக்கு முடிதான?"

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமே. நிஜமாகவே ஒரு கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போடலாம். இது முழுக்க முழுக்கப் பாசம்.

தங்கபாண்டி பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "சாமி காரியம். நான் என்னத்தச் சொல்ல? வேணும்னா என் முடிய எடுத்துக்கச் சொல்லு. பாதி ஏற்கெனவே குடுத்துட்டேன்."

உத்தமபாளையத்தில் கண்ணாடிக் கடையில் அவளோடு வேலை பார்க்கும் ஜெபராணிக்கு இதைச் சொன்னபோது, அவள் கல்லாமேல் சாய்ந்து சிரித்தாள். "ஏக்கா, ஆளிவிதையும் வெந்தயமும் இம்புட்டுப் பாடுபட்டுச்சே, அதுகளுக்கு என்ன காணிக்கை?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பயமா இருக்கா?"

அதைத்தான் பாண்டீஸ்வரி வாரம் முழுக்கத் தன்னையே கேட்டாள். அம்மனிடம் பயமா? இல்லை. அம்மன்மேல் அவளுக்குப் பிரியம்தான். மொட்டைத் தலையாக நாலு பேர் முன்னால் போக வெட்கமா? அதுவும் பெரிதாக இல்லை. அவளே வேண்டியிருந்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் தலையைக் குனிந்திருப்பாள். அப்படியானால் ஏன் மனசு வரவில்லை? முடிமேல் இவ்வளவு ஆசையா என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள். அந்தத் திட்டும் அம்மாவின் குரலிலேயே வந்தது. அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. கொடுப்பது பெரிதில்லை. கொடுப்பதாக வேறொருவர் சொல்லி முடித்துவிட்ட பிறகு கொடுப்பது, கொடுப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை காரில் மொக்கம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திராட்சைத் தோட்டம் தோட்டமாகப் போய் விவசாயிக்கும் மலையாளத்து வியாபாரிக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுப்பது மாமியாரின் தொழில். "சேட்டா, இங்கன நோக்கு" என்று ஆரம்பித்தாளென்றால் பழம் கைமாறாமல் விடமாட்டாள். மருமகள் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

"மொட்ட வேணாம். போனாப் போகுது. தோள் வரைக்கும் எடுத்துருவோம்."

"காஞ்சா தோள் வரைக்கும்தான் இருக்கு."

"சரி, சடையில பாதி."

பாண்டீஸ்வரி ஜன்னல் வழியே பார்த்தாள்.

"பூமுடி? நுனியில மூணு வெரக்கட மட்டும். தாயி, அதுக்குக் கீழ என்னால எறங்க முடியாது. நான் அம்மன்கிட்ட வாக்குக் குடுத்தவ."

முன் சீட்டில் தங்கபாண்டி கமுக்கமாகச் சிரிப்பது கண்ணாடியில் தெரிந்தது. "ஏலே, என்னலே சிரிப்பு?" என்று மொக்கம்மாள் அவன் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "மாசா மாசம் நுனிய நீயே வெட்டுறேல்ல? காகிதத்துல சுருட்டிக் குப்பையில போடுறேல்ல? குப்பைக்குப் போறது அம்மனுக்குப் போனா என்ன?"

நல்ல கேள்வி. பாண்டீஸ்வரி உண்மையாகவே யோசித்தாள். கார் கம்பம் ஊரைத் தாண்டும்வரை யோசித்தாள். "குப்பையில போடுறதும் நாந்தான அத்தே," என்றாள் கடைசியில்.

மொக்கம்மாள் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். 

கோயிலில் கூட்டமில்லை. பொங்கல் வைத்தார்கள். அம்மன் முன்னால் பாண்டீஸ்வரி கண்ணை மூடி நின்றபோது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவளுக்கு நன்றி மட்டும்தான் வாயில் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளியே புளியமரத்தடியில் முடி இறக்குகிறவர் பலகையைப் போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

மொக்கம்மாள் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். தோளில் தொங்கிய சுருட்டையிலிருந்து ஒரே ஒரு சுருளைப் பிரித்து எடுத்தாள். இவ்வளவு மெதுவாக அவள் எதையும் தொட்டுப் பாண்டீஸ்வரி பார்த்ததில்லை.

"இது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு," என்றாள். அவள் குரலில் இப்போது பேரம் இல்லை. "அம்மனுக்குக் கோவம் வந்தா எம் மேல வரட்டும், பரவால்ல. ஒம் மேல வந்துருமோன்னுதான் ஆத்தா பயமா இருக்கு. எனக்காகக் குடு."

கொடுத்துவிடு, ஒரு சுருள்தானே, இவள் முகத்தைப் பார் என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். உள்ளே இருந்தவளும் நல்லவள்தான். இத்தனை வருடமும் பாண்டீஸ்வரி அவள் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள்.

"என்னம்மா, எடுத்துரலாமா?" என்று கத்தரியை எடுத்தார் மரத்தடிக்காரர்.

பாண்டீஸ்வரி மாமியாரின் கையைப் பிடித்தாள். விரல்களுக்கு நடுவிலிருந்து சுருளை மெல்ல விடுவித்தாள். கையை மட்டும் விடவில்லை.

"ஒங்களுக்காகக் கோயிலுக்கு வந்தேன் அத்தே," என்றாள். "இது வேணாம்."