தொடாமல் பார்த்த துவக்கு

ரதீசுக்கு வலது தோள்மூட்டு இரண்டு நாளாகத் தூக்கவிடவில்லை. அறுபத்தைந்து கிலோ நெல் மூட்டை நூற்றுப்பத்தை லொறியிலிருந்து இறக்கிய தோள் வேறு என்ன செய்யும்? மில்லின் பின் சுவரில் சாய்ந்து, தைலத்தைத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தபோதுதான் முதலாளி கூப்பிட்டார்.

நல்லரத்தினம் முதலாளிக்கு வவுணதீவில் நெல்லுக் குற்றும் மில், மில்லுக்குப் பின்னால் வட்டை என்று பத்து ஏக்கர் வயல், வலையிறவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் வீடு. அறுபது வயது. நெல்லை வாயில் போட்டு ஒரு கடி கடித்து ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மற்ற விசயங்களில் அவருக்கு அவ்வளவு நிச்சயம் கிடையாது.

ரதீஸ் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். யன்னலையும் சாத்தினார். மேசை லாச்சியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து, பிள்ளையைக் கிடத்துவதுபோல மேசையில் கிடத்தினார். துணியை விலக்கினார்.

றிவோல்வர்.

ரதீசின் இரண்டு கையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"கொழும்பில எடுத்தன். அமைச்சின்ட பேமிற் எல்லாம் இருக்கு மனே, பயப்பிடாத. நெல்லுக் காசோட ஒத்தையில ஓடித் திரியிறன். போன மாசம் ஒருத்தன் மோட்டச்சைக்கிள்ள பின்னால வந்தான் எண்டு சொன்னன்தானே."

"அவன் உங்களிட்டப் பாதை கேக்க வந்தவன் முதலாளி."

"அதை நீ கண்டியா? சரி, எடு. எடுத்துப் பாத்துச் சொல்லு, சாமான் நல்லதா எண்டு. பதினாலு நாளுக்குள்ள கொண்டு போனா கடைக்காரன் மாத்தித் தருவானாம்."

அந்த மில்லில் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ரதீசை மட்டும் கேட்பதற்குக் காரணம் இருந்தது. பதினாறு வயதில் இயக்கத்துக்குப் பிடித்துப்போன பிள்ளைகளில் அவனும் ஒருவன். சண்டைக்கு அனுப்பவில்லை. துவக்குத் திருத்துகிற கொட்டிலில் நாலு வருசம் இருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு புனர்வாழ்வு முகாம், கையெழுத்து, விசாரணை, மறுபடியும் கையெழுத்து. இப்போது முப்பத்தெட்டு வயது. கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. விசா வந்துவிட்டது. பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் வரவேண்டும். குற்றம் ஒன்றும் இல்லாத ஆள் என்று பொலிஸ் எழுதித் தருகிற அந்த ஒரு கடதாசிக்காக அவன் ஒன்றரை மாதமாகச் சைக்கிளில்கூடச் சரியான கரையால்தான் போய்வந்தான். கையில் துவக்கோடு அவனை ஒரு கண் கண்டால் போதும்; கட்டார் போய்விடும்.

"பாக்கிறன் முதலாளி," என்றான். "தொடமாட்டன்."

"தொடாம எப்படிறா பாக்கிற?"

"பொம்பிளை பாக்கப் போனா தொட்டா பாக்கிறம்?"

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ரதீஸ் சொல்லச் சொல்ல அவர் செய்தார். முதலில் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னான். உருளையை வெளியே தள்ளி ஆறு குழியும் வெறுமைதானா என்று காட்டச் சொன்னான். ஆறாவதை அவர் விரலால் மறைத்துக்கொண்டு காட்டினார். விரலை எடுக்கச் சொன்னான். பிறகு போன் லைற்றைப் பின்பக்கம் பிடித்துக் குழலுக்குள் பார்க்க வைத்தான்.

"என்ன தெரியுது?"

"வட்டம் வட்டமா மினுங்குது. என்ட மனிசி கண்ணகைட காப்பு மாதிரி."

"நல்லது. கறுப்புப் புள்ளி?"

"இல்ல."

உருளையை மூடிப் பிடித்து ஆட்டச் சொன்னான். காதை மட்டும் நீட்டினான். லேசாக ஒரு கிணுக்கம் கேட்டது. புதுச் சாமானுக்கு அவ்வளவு இருக்கலாம். பின்னாலிருந்த சுத்தியலை மெல்ல மெல்ல இழுக்கச் சொன்னான். உருளை ஒவ்வொரு குழியாகத் திரும்பிப் பூட்டுகிற சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். டக். டக். டக். நாலாவதில் சத்தம் ஒரு மயிரிழை பிந்தி வந்தது. திரும்பச் செய்யச் சொன்னான். நாலாவது மறுபடியும் பிந்தியது.

"நாலாவது குழி கொஞ்சம் சோம்பேறி. ஆனா வேலைக்கு வருது."

"எங்கட மில்லிலயும் ஒருத்தன் அப்படி இருக்கான்," என்றார் முதலாளி, அவனுடைய தோளைப் பார்த்துக்கொண்டு.

கைபிடி மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கடதாசி போகிற அளவுக்கு வெளி இருந்தது. ஓர் ஆணியின் தலையில் கீறல் கிடந்தது. கடைக்காரன் புதிதென்று சொன்னாலும் யாரோ ஒரு தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறான் என்றான் ரதீஸ். நல்லரத்தினத்தின் முகம் வாடியது. "ஆனா இரும்பு நல்ல இரும்பு," என்று சேர்த்துக்கொண்டான்.

"வட்டைக்கு யானை வந்தா?"

"இதைக் காட்டினா யானை சிரிச்சிட்டுப் போகும் முதலாளி. அதுவும் ஒரு பாதுகாப்புத்தான்."

அதோடு விட்டிருக்கலாம். நல்லரத்தினம் விடவில்லை. நெல்லென்றால் பார்த்தால் மட்டும் போதாது, கடித்தும் பார்க்க வேண்டும் என்றார். வட்டை வெட்டி முடிந்து வெறுமையாகக் கிடந்தது. அதன் கடைசியில் இரண்டாள் உயரத்துக்குக் குளக்கட்டு. ஒரு யூரியாப் பையில் மண்ணை நிரப்பி, தேநீர்க் கோப்பை அளவு சிவப்பு வட்டம் கீறி, கட்டின் அடியில் சாத்தி வைத்தார்கள். கட்டுக்கு மேலே ஆள் மாடு ஒன்றும் இல்லை என்று ரதீஸ் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். இருபத்தைந்து அடியில் முதலாளியை நிறுத்தினான். தான் அவருக்குப் பின்னால், கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு, கிராமத்துக்கு வந்த மந்திரியைப்போல நின்றான்.

முதலாளி கையோடு கொண்டுவந்த ஆறு குண்டையும் போட்டு, மூன்று வெடி வைத்தார். வயலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போயின. மூன்றுமே கட்டு மண்ணில் தூசி கிளப்பின. பையில் ஒரு கீறல் இல்லை.

"பாத்தியா? ரெண்டு முழம் இடப்பக்கத்தால போகுது! குழல் வளைவு. என்னை ஏமாத்திப்போட்டான்."

"ஒண்டு இடப்பக்கம் போச்சு. ஒண்டு மேலால போச்சு. மற்றது நீங்க கண்ணை மூடினதால உங்களுக்குத் தெரியல்ல."

"ஆரு கண்ணை மூடின?"

"சரி, கண் தானா மூடிச்சு."

பிழை ஆளிலா துவக்கிலா என்று பார்க்க ஒரு வழிதான் இருந்தது. ஆளின் கையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். ரதீஸ் மில்லுக்குப் போய், நோகாத இடது தோளில் ஒவ்வொன்றாக மூன்று நெல் மூட்டை கொண்டுவந்தான். இரண்டை நீளத்துக்குப் படுக்க வைத்து, நடுவில் முழங்கையால் அழுத்தி அழுத்தி ஒரு குழி செய்தான். நெல் மற்றச் சாமான் மாதிரியில்லை. அழுத்திய இடத்தில் அப்படியே நிற்கும். முதலாளி அந்தக் குழிக்குள் துவக்கை வைத்து வட்டத்துக்கு நேராக்கினார். மூன்றாவது மூட்டையை ரதீஸ் மேலே சாத்திக் கொடுத்தான். இனி முதலாளியின் ஒரு விரலுக்கு மட்டும்தான் வேலை.

மீதி மூன்றும் பையில் பட்டன. வட்டத்துக்கு நாலு விரல் இடது பக்கம், மூன்று ஓட்டையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மூடலாம்போல ஒன்றாக இருந்தன.

ரதீஸ் குனிந்து பார்த்தான். அவனுக்கே கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்துக்கொண்டான்.

"துவக்கு நேர்மையான சாமான் முதலாளி. ஒரே பிழையை ஒரே இடத்தில செய்யுது. நாலு விரல் வலப்பக்கம் பிடிச்சா வட்டத்தில படும். நீங்க மூண்டு பிழையை மூண்டு இடத்தில செய்தீங்க."

நல்லரத்தினம் விடுகிற ஆள் இல்லை. கையால் பிடித்துச் சுட்டு ஒன்றையாவது பையில் போட்டுவிட்டுத்தான் சோறு என்றார். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"கண்ணகை, ரவை முடிஞ்சுது. வீட்ட ரவை கிடக்குமெல்லா?"

துவக்கில் போடுவதும் ரவைதான், உப்புமாக் கிண்டுவதும் ரவைதான். ரதீஸ் முகாமிலிருந்து வந்த நாள் முதல் அந்தச் சொல்லைப் போனில் சொன்னதே இல்லை. கடையில்கூட "உப்புமா மா ஒரு கிலோ" என்றுதான் கேட்பான். கடைக்காரர்கள் அவனைக் கொஞ்சம் மந்தமான ஆள் என்று நினைத்திருந்தார்கள்.

"போனில சொல்லாதீங்க முதலாளி," என்று கையை ஆட்டினான்.

அவர் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் பலமாகச் சொன்னார். "ரவை! ரவை! ஓம், கிடக்கிறதெல்லாத்தையும் முஹம்மட்டின்ட ஓட்டோவில குடுத்து உடு. கெதியா!"

ஓட்டோ வருவதற்கு முன்னால் பொலிஸ் வந்தது. ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். சிங்களச் சார்ஜன் ஒருவர், தமிழ்ப் பொலிஸ்காரர் ஒருவர். யாரோ வெடிச் சத்தம் கேட்டு அறிவித்திருக்கிறார்கள். நல்லரத்தினம் துவக்கையும் பேமிற்றையும் கொடுத்தார். சார்ஜன் கடதாசியில் இருந்த இலக்கத்தைத் துவக்கின் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

"பேமிற் இருக்கு. அதுக்காக வயலில வெடி வைக்கிறதா?" நல்ல தமிழிலேயே கேட்டார். பிறகு ரதீஸ் பக்கம் திரும்பினார். "இவர் ஆரு?"

"இவனா சேர்?" நல்லரத்தினத்துக்குத் தன் ஆட்களைப் பற்றிப் பெருமை பேசுவது பழக்கம். வாய் தானாகத் திறந்தது. "இவனுக்குத் தெரியாத துவக்கு..."

ரதீஸ் அவரைப் பார்த்தான். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தான்.

"...துவக்கு எண்டாலே இவனுக்குத் தெரியாது சேர். மூட்டை தூக்குறவன்."

அந்த நேரம் பார்த்து முஹம்மட்டின் ஓட்டோ வரம்பு வழியே துள்ளித் துள்ளி வந்து நின்றது. காத்தான்குடி ஆள், தொண்டைக்குப் பஞ்சமில்லை. பொலிசைக் காணாமலே தலையை வெளியே நீட்டினான்.

"முதலாளி! ரவை கொண்டாந்திரிக்கன்! அஞ்சு கிலோ! எங்க இறக்குற?"

தமிழ்ப் பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போய்விட்டது. "இறங்கு! கையை மேல தூக்கு! அஞ்சு கிலோவா? ஆருக்கு அஞ்சு கிலோ?"

"எனக்குத் தெரியா சேர்! அக்கா குடுத்தா! இன்னும் வேணுமெண்டா கடையிலயும் எடுக்கலாமாம் எண்டா!"

கடையிலா என்று கேட்டுப் பொலிஸ்காரர் வாயைப் பிளந்தார். சார்ஜன் பின் சீற்றிலிருந்த பையைத் தானே இழுத்துக் கட்டை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரலிடுக்கால் வெள்ளை ரவை வழிந்தது. அதை முகர்ந்து பார்த்தார், நாக்கில் ஒரு துளி வைத்தும் பார்த்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். முஹம்மட் இன்னும் கையை இறக்கவில்லை. யாரும் இறக்கச் சொல்லவில்லை என்றான்.

சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்தபோதுதான் சார்ஜன் அந்த மூன்று மூட்டையையும் கண்டார். கிட்டப் போனார். நடுவிலிருந்த குழியைத் தடவினார். பையில் ஒன்றாகக் கிடந்த மூன்று ஓட்டையைப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

"இது பழகின வேலை. ஆரு இதைச் செய்தது?"

கொக்கு ஒன்று திரும்பி வந்து வயலில் இறங்கியது. ரதீசின் முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. கட்டார், விசா, ஒன்றரை மாதம், எல்லாம் அந்த நெல் குழிக்குள் கிடந்தன.

"நான்தான் சேர்," என்றார் நல்லரத்தினம். "யூரியூப்பில பாத்தன்."

சார்ஜன் அவருடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு மூட்டையைப் பார்த்தார். "நீங்க தூக்கினீங்க?"

"உருட்டினன் சேர்."

"மேலே இருக்கிறதையும் உருட்டினீங்க?"

"அது... கொஞ்சம் கஸ்டப்பட்டுத்தான் உருட்டினது."

சார்ஜன் ரதீசின் தோளில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தார். அவனுடைய முகத்தையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. இனி வயலில் வெடிச் சத்தம் கேட்டால் பேமிற் பறிபோகும் என்று மட்டும் சொல்லி, துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மோட்டார் சைக்கிளின் சத்தம் அடங்கியதும் நல்லரத்தினம் மூட்டையில் குந்தினார்.

"மனே, நான் பொலிசுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கன். என்ட வயசுக்கு முதல் தரம்."

"முதல் தரமா?"

"பொலிசுக்குச் சொல்றது முதல் தரம். அதுக்கு நீ எனக்கு ஒண்டு திருப்பித் தரவேணும். பொய்க்குப் பொய். கண்ணகை கேப்பாள். கையால சுட்டதும் பையிலதான் பட்டது எண்டு சொல்லிப்போடு. அவள் உன்னைத்தான் நம்புவாள்."

"ஓம்," என்றான் ரதீஸ். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பான்.

பொலிஸ் ரிப்போட் பதினெட்டாம் நாள் வந்தது. ஒரு குற்றமும் இல்லை என்று எழுதியிருந்தது. பயணம் சொல்ல ரதீஸ் டவுன் வீட்டுக்குப் போனபோது கண்ணகை தேத்தண்ணி கொடுத்தார். கேள்வியையும் கூடவே கொடுத்தார்.

"உண்மையைச் சொல்லு தம்பி. உன்ட முதலாளி கையால சுட்டு ஒண்டாவது பட்டதா?"

நல்லரத்தினம் யன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரதீஸ் வாயைத் திறந்தான். முதலாளியின் தானாக மூடிய கண்ணும், தூசி கிளம்பிய கட்டும், எழும்பிய கொக்கும் ஞாபகத்தில் வந்தன. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடிய ஐந்து நிமிடம் ஆனது. கண்ணகைக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது கட்டாருக்கு வெள்ளிக்கிழமைகளில் போன் வருகிறது. "அதை இன்னும் சொல்லல்ல நீ," என்பார் நல்லரத்தினம். "சொல்றன் முதலாளி, நேரம் பாத்துச் சொல்றன்," என்பான் அவன். ரதீஸ் நல்லரத்தினம் முதலாளிக்கு இன்னும் ஒரு பொய் தரவேண்டும்.