பத்து ரூபா யூனிட்டு

எதிர்வீட்டு ஃபால்குனியோட புருஷன் வைரப் பட்டறையில வேலை பாத்தவரு. கண்ண மூடறப்ப வச்சுட்டுப் போனது ஒரு மியூச்சுவல் ஃபண்டு. பொண்ணு த்விஷா காலேஜ் படிக்கறதுக்குன்னு சேத்தது.

போன தீபாவளிக்கு முன்னாடி டிவில புது ஃபண்டு விளம்பரம் விடாம ஓடுச்சு. அப்பனும் பொண்ணும் பட்டம் விடுவாங்க, சிரிப்பாங்க. கடைசியில ஒருத்தன் மூச்சு விடாம என்னமோ சொல்லுவான். த்விஷா அதே வேகத்துல சொல்லிக் காட்டுவா. நவராத்திரி மேடையில அதுக்குப் பரிசே வாங்கினா, எங்க பில்டிங்கே கை தட்டுச்சு.

எங்க ஊருல அக்கான்னா பென், அண்ணன்னா பாய். ஃபால்குனி எங்கிட்ட ஓடி வந்தா. "சவிதா பென், பழசுல ஒரு யூனிட்டு நானூறு ரூபாயாம். இது பத்தே ரூபா! எவ்வளவு யூனிட்டு வரும் பாருங்க!"

எனக்கும் மலிவாத்தான் பட்டுது. அவ பழசை வித்து, போன்லயே புதுசை வாங்கிட்டா.

இப்ப த்விஷாவுக்கு பிசியோதெரபி சீட்டு கெடைச்சிருக்கு. சனிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டணும். பழைய ஃபண்டு வாங்கிக் குடுத்த ஏஜென்ட் மயங்க் பாய்கிட்ட ரெண்டு பேரும் போனோம்.

போனை வாங்கிப் பாத்தவரு முகம் செத்துப் போச்சு. "பென், இது வரி மிச்சம் பண்றவங்க வாங்கறது. மூணு வருஷத்துக்கு எடுக்கவே முடியாது. உங்களுக்குத்தான் வரியே இல்லையே!"

"பத்து ரூபான்னுதானே..." ஃபால்குனி இழுத்தா.

"யூனிட்டு பத்தா இருந்தா என்ன, நானூறா இருந்தா என்ன? போட்ட பணம் அதேதான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா கமிஷனுக்காக பழசையே வச்சுக்கன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன் பாய்."

அவரு போனைத் திருப்பி மேசையில வச்சாரு. இவ அவரு மேசையப் புடிச்சுக்கிட்டா. "பாதியாவது எடுத்துக் குடுங்க பாய். நஷ்டம் ஆனாலும் பரவால்ல. எம் பணம்தானே அது!"

"யாராலயும் முடியாது பென்."

ஃபால்குனியோட தாலிச் சங்கிலி எப்பவோ புருஷன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிடுச்சு. மச்சினன்கிட்ட கேட்டா, "விளம்பரக்காரன்கிட்டயே கேளு"ன்னு போனை வச்சுட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவங்க வீட்டுல இருந்தப்ப அதே விளம்பரம் வந்துச்சு. ஃபால்குனி டிவிய அணைச்சா.

"த்விஷா, கடைசியில அவன் சொல்றதைச் சொல்லு. மெதுவா சொல்லு."

"வேணாம் மம்மி."

"சொல்லுடி!"

"மியூச்சுவல் ஃபண்டு முதலீடு... சந்தை அபாயத்துக்கு உட்பட்டது." அவ குரல் உடைஞ்சுது. "திட்ட ஆவணம் எல்லாத்தையும்... கவனமா படிங்க."

"எத்தனை தடவ சொன்ன! நாங்க சிரிச்சோமே." ஃபால்குனி தலையில அடிச்சுக்கிட்டா.

த்விஷா அவ கையப் புடிச்சு நிறுத்தினா. அப்புறம் போனை எடுத்து, சேலைக் கடையில நிக்கற அவ சிநேகிதியக் கூப்பிட்டா.

"உங்க கடையில ஆள் எடுக்கறாங்கன்னியே... திங்கக்கிழமையே வரட்டுமா?"