சூட்டில் மட்டும் படுக்கும் வண்டி

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். ஒரு நாளைக்கு ஏழு வீடு. காலையில் அவளுடைய கார் ஒரே திருகலில் கிளம்பிவிடும். முதல் வீட்டில் வேலையை முடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் மட்டும் பிடிக்காது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

இரண்டு பட்டறை பார்த்தாயிற்று. ஒன்றில் பேட்டரியை மாற்றினார்கள், இன்னொன்றில் பெட்ரோல் பம்பை. இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் வண்டி ஆறிவிடும், மெக்கானிக் கை வைத்ததும் சமர்த்தாகக் கிளம்பும். "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள், அவளை ஒரு மாதிரி பார்த்து.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டாள். "திங்கக்கிழமையும் லேட்டானா உன் வீடுகளை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். படுக்கையில கிடக்கறவங்களை எத்தனை நாள் காக்க வைக்கிறது?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் உறுத்தியது.

வண்டியை விற்றுவிடலாம் என்றான் கணவன். "என்ன நோய்னே தெரியாம கை கழுவச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலை மூன்றாவது பட்டறைக்கு நடந்தே போனாள். அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'ரெட்டைக் கண்ணாடி' என்பார்கள். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று.

"வண்டியைக் கொண்டு வாங்கம்மா, பாக்கலாம்."

"இங்க வர்றதுக்குள்ள ஆறிடும்ணே. காய்ச்சல் அடிக்கும்போது பாத்தாத்தானே தெரியும்? நீங்க என்கூட வாங்க. எங்க நிக்குதோ அங்கயே பாருங்க."

"ஆறு வண்டி நிக்குதும்மா."

"முடிச்சிட்டு வாங்க. இருக்கேன்."

ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். அந்த டயரை எடுக்க ஆள் வந்தபோது அடுத்த டயருக்கு மாறினாள். மூன்று மணிக்கு அவரே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவள் வீட்டிலிருந்து வண்டியை எடுத்து, அன்று கட்டு மாற்ற வேண்டிய ஒரே நோயாளியின் வீட்டுக்கு ஓட்டினாள். இருபது நிமிட ஓட்டம். கட்டை மாற்றிவிட்டு வந்து சாவியைத் திருகினாள். என்ஜின் பிடிக்கவில்லை.

"மாட்டுச்சு," என்றார் மெக்கானிக், முதல்முறையாகச் சிரித்து.

பெட்ரோல் பம்ப் பின்சீட்டுக்கு அடியில். அங்கே காதை வைத்து, பம்ப் ஓடுகிறது, பெட்ரோல் போகிறது என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "பொறி வரல. பொறிக்குக் கரண்ட் குடுக்கற காயில்தான். மாத்திடலாம்."

"ஏற்கெனவே ரெண்டு மாத்தியாச்சுண்ணே. முதல்ல நிச்சயம் பண்ணிக்கலாம்."

பையிலிருந்து வீக்கத்துக்கு வைக்கும் ஐஸ் பையை எடுத்துக் காயில்மேல் வைத்தாள். ஐந்து நிமிடம் போனது. திருகிப் பார்த்தாள், என்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக் கண்ணாடிகளை மாற்றிப் போட்டுக்கொண்டு, மறுபடி திருகச் சொல்லி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளையே பார்த்தார்.

"செல்ஃப் சுத்தும்போது இந்த முள்ளு லேசாத் துடிக்கணும். செத்துக் கிடக்கு பாருங்க. என்ஜின் சுத்துதுங்கற சேதியே வண்டியோட கம்ப்யூட்டருக்குப் போகல, அதான் பொறி வரல. அதைச் சொல்ற சென்சார்தான் சூட்டுல மயங்குது."

கியர்பாக்ஸுக்கு மேலே, கட்டைவிரல் அளவில் இருந்தது அது. ஐஸ் பையை அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். விரல் மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை. அவர் சாவியைத் திருகினார். முள் துடித்தது, என்ஜின் பிடித்துக்கொண்டது.

"அவ்ளோதான்மா."

"தானா ஆறிக் கிளம்பியிருந்தா?"

அவள் உள்ளே போய், நோயாளியின் மனைவியிடம் முடி உலர்த்தும் மெஷினும் நீள வயரும் கேட்டாள். "வண்டிக்குத் தலை குளிப்பாட்டினீங்களா?" என்றாள் அந்த அம்மாள், எடுத்துக் கொடுத்தபடி.

ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் அந்தச் சென்சார்மேல் மட்டும் சூட்டுக் காற்றைக் காட்டினாள். ஏழாவது நிமிடம் என்ஜின் அணைந்தது. ஐஸ் வைத்தார்கள், கிளம்பியது. மறுபடி சூடு, மறுபடி அணைந்தது.

"இப்ப மாத்துங்கண்ணே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருந்தன. மெக்கானிக் தனக்குத் தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பிக் கடையைத் திறக்க வைத்து, புது சென்சாரை வாங்கி வந்து அவரே மாட்டினார். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் சுற்றி, பத்து இடத்தில் அணைத்து அணைத்துக் கிளப்பினார்கள்.

திங்கட்கிழமை மதியம் மேற்பார்வையாளர் போனில் கேட்டாள். "எங்க இருக்க?"

"அஞ்சாவது வீட்டுல."

"சரி, பாத்துப் போ," என்று போனை வைத்தாள்.