நடுவில் அம்பி

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். இதில் பார்க்க என்ன இருக்கு என்று கேட்கிறவர்களுக்குத் தங்கமயில் பதில் சொல்வதை விட்டு ரொம்ப நாளாச்சு. சொல்லி என்ன ஆகப்போகுது? தாராவியில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை தைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். எல்லாரும் கலர் கலராய்த் துண்டு சேர்த்து ஒட்டுப் போடுவார்கள், பார்த்த மாத்திரத்தில் கண்ணைப் பறிக்கும், கடைக்காரர் அள்ளிக்கொண்டு போவார். இவளுக்கு மட்டும் ஒத்தைத் துணிக் கிறுக்கு. மேலே ஒரே துணி, கீழே ஒரே துணி, நடுவில் பஞ்சு. எங்கேயும் ஒட்டு இருக்கக்கூடாது. மூன்றையும் சேர்த்து ஊசி ஓடுகிற ஓட்டத்தில் மேடும் பள்ளமும் எழும்பி வருமே, அதுதான் பூ, அதுதான் கொடி. நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் சாய்வாய் விழுந்தால்தான் துணிக்கு உள்ளே இருந்து எல்லாம் மெல்ல எழுந்து வரும்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், தைத்த ரஜாயை அவளே முழுசாய்ப் பார்த்தது கிடையாது. இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடி அறை அது. கட்டில் போக மிச்ச இடத்தில் பாதி ரஜாய்தான் விரியும். மீதி சுருட்டிக் கிடக்கும். தைக்கத் தைக்க இந்தப் பக்கம் சுருட்டி அந்தப் பக்கம் விரிப்பாள். முடிந்ததும் மடித்துக் கட்டினால் கடைக்குப் போய்விடும். யார் வீட்டுக் கட்டிலில் விரிந்ததோ, யாராவது ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரைக்கும் முழுசாய்ப் பார்த்துவிட மாட்டாரா என்று அவளுக்கு ஒரு ஏக்கம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பாகீரதி மாமி அந்த ஏணியில் ஏறி வந்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு "ராமா" சொல்லிக்கொண்டு. மாட்டுங்காவில் மெத்தைக்கடை வைத்திருக்கிற ஜெயினுலாப்தீன் பாய்தான் விலாசம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"என் தம்பிக்கு வேணும்" என்றாள் மாமி, மூச்சு வாங்கி முடித்த பிறகு. "வேங்கடசுப்ரமணியன்னு பேரு. பேங்க்ல பெரிய வேலையா இருந்தான். போன வருஷம் கண்ணு போயிடுத்து. ரெண்டுமே."

"அய்யோ மாமி."

"கண்ணு போனதைக்கூடப் பொறுத்துக்கலாம்மா. தூக்கம் போயிடுத்து. அவனுக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? எல்லாம் ஒரே இருட்டு. எப்போ தூங்கணும்னு உடம்புக்குத் தெரியலைங்கறார் டாக்டர். மாத்திரை குடுத்தா கெறங்கிக் கிடக்கறான், அது தூக்கமா? எந்நேரம் பார்த்தாலும் நாற்காலியில நிமிர்ந்து உக்காந்துண்டிருக்கான். நேக்குப் பார்க்கச் சகிக்கலை."

தாதரில் தேடிப் பிடித்த, ஒட்டுத் தேவைப்படாத அகலப் பன்னாத் துணியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். நெருக்கமான நெசவு, தண்ணீர் மாதிரி வழுக்கியது. "கலர் அவனுக்கு எதுக்கு? உங்க தையல் விரலுக்குத் தெரியறதுன்னார் பாய். சுத்தி வர அலையாப் போடுங்கோ. தாதர் கடற்கரையில தினம் நடப்பான், அந்த ஞாபகத்துக்கு. நடுவில அம்பி இருக்கணும். விரல் பட்டா பளிச்சுன்னு தெரியணும்."

"அம்பிதான? போட்டிருவோம் மாமி. பெருசாவே போடுதேன்."

"பெருசாப் போட்டா ரொம்ப சந்தோஷம்."

இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரஜாய்க்காரர்கள் பாஷையில் அம்பி என்றால் மாங்காய். வயிறு பருத்து, தலை ஒரு பக்கம் வளைந்திருக்குமே, புடவைக் கரையில் வருகிற அதே மாங்காய்தான். கடைச் சரக்கில் அதை வரிசை வரிசையாய்ப் போட்டுப் போட்டுத் தங்கமயிலுக்கு அலுத்திருந்தது. ஆனால் நடுவில் ஒத்தையாய் ஒரு அம்பி, சுற்றி வரக் கடல் என்று யாரும் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கே அவள் மனசு நனைந்துவிட்டது.

நீலச் சாக்பீஸால் ஓரத்திலிருந்து அலை வரைந்தாள். விளிம்பில் அலைகள் நெருக்கி அடித்துக்கொண்டு வரும். உள்ளே வர வர இடைவெளி விட்டு, ஓய்ந்து, நீளமாய்ப் படுத்துவிடும். வெளியில் இருந்து வருகிற விரல் தன்னால் வேகம் குறைய வேண்டும், அதுதான் அவள் கணக்கு. ஊசி ஓட ஆரம்பித்ததும் சந்துச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாய் விலகிப் போகும். கீழ்வீட்டுத் தோல் தைக்கிற மிஷின் போகும், குழாயடிச் சண்டை போகும், எதிர்வீட்டு இந்தி சீரியல் அழுகை போகும். ஊசி மூழ்கும், எழும்பும், மூழ்கும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள். பார்க்கப்போகிறவருக்கு விரல்தானே கண்ணு? அப்படி ஒரு மத்தியானம் கண்ணை மூடி அலைமேல் போய்க்கொண்டே இருந்தவளுக்குக் காலடியில் மணல் தட்டியது. ஈர மணல். கூடவே யாரோ மெதுவாய் நடந்து வருகிற மாதிரி இருந்தது. முகம் தெரியாத பேங்க்கு மனுஷர். கடல் வந்து வந்து போனது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் வைத்த டீயில் ஆடை கட்டியிருந்தது. காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காய்ந்துதான் இருந்தது.

நடுவுக்கு வந்தாள். அம்பிக்கு உள்ளே கொடி, புள்ளி, ஒன்றும் போடவில்லை. வெறும் உருவம். பின்பக்கத்து மெல்லிய துணியின் இழையை விலக்கி, ஊசி முனையால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பஞ்சு திணித்தாள். அம்பி உப்பிக்கொண்டு எழுந்தது. அதன் தலையைக் கொஞ்சம் கூடுதலாகவே குனிய வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கை அப்படிப் போயிற்று.

ஈரத்துணியால் ஒத்திச் சாக்பீஸ் கோடுகளையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தபோது மகள் ஷர்மிளா வாஷி ஆபீஸிலிருந்து வந்தாள். பையை எறிந்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"பஹுத் சுந்தர் மா! எவ்வளவு அழகு! நடுவுல என்ன மாங்காய் ஒண்ணு?"

"அது அம்பிடி. மாமி அம்பிதான் வேணும்னாங்க. தம்பிக்காம்."

ஷர்மிளா முழித்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அரே அம்மா! எங்க ஆபீஸ்ல ஷ்ருதின்னு ஒருத்தி இருக்காள்லா, மாட்டுங்காக்காரி? அவ தம்பிய அம்பி அம்பின்னுதான் போன்ல கூப்பிடுவா. அவங்க வீட்டுப் பேச்சுல அம்பின்னா தம்பிம்மா! மாமி அவரைக் கூப்பிடுற பேரை நடுவுல தைக்கச் சொல்லிருக்காங்க. நீ மாங்காயப் போட்டு வச்சிருக்க!"

தங்கமயில் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். மாமி சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது வேறு முகம் காட்டியது. அந்த மனுஷர் விரலால் தடவித் தன் பேரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுக்குத்தானே இத்தனையும்? அவசரமாய் ஒரு தையலைப் பிரித்துப் பார்த்தாள். நூல் வந்தது, ஓட்டை போகவில்லை. நெருக்கி நெய்த துணி, ஊசி போனது போனதுதான். முழுக்கப் பிரித்தால் அந்த இடம் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடும். இந்த வெள்ளிக்கிழமையே ரஜாய் வந்துவிடும் என்று மாமி தம்பியிடம் சொல்லி வைத்திருந்தாள், அவர் தினமும் கேட்கிறாராம். பிரித்த தையலைத் திரும்பப் போட்டு மூட்டையைக் கட்டினாள். பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, என்ன அம்பி மாமி என்று!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா வீட்டு ஹாலில் மூட்டையை இறக்கி வைத்தாள். ஜன்னல் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். கண் திறந்தே இருந்தது. பஸ் வருதா என்று காத்திருக்கிற ஆளைப் போல முதுகு நிமிர்ந்திருந்தது.

"வந்துடுத்தா?" என்றார்.

"வந்துடுத்து, செத்த இரு" என்று சொன்ன மாமியைத் தங்கமயில் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பில் குக்கரில் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாங்காயா?" மாமிக்குக் குரல் கம்மியது. "நான் அம்பின்னேன், நீங்க மாங்கா போட்டிருக்கேளா?"

"எங்க தொழில்ல அதுக்கு அதுதான் மாமி பேரு. சத்தியமா வேணும்னு செய்யல."

"நான் ஒருத்தி! பேரைத் தைங்கோன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்." மாமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அவனை அம்பின்னு கூப்பிட இப்போ நான் ஒருத்திதான் இருக்கேன். நான் பக்கத்துல இல்லாதப்பவும் யாரோ கூப்பிடற மாதிரி இருக்கட்டுமேன்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"மாங்காய்க்கு மேலேயே எழுத்துத் தச்சுத் தந்திருதேன் மாமி. இப்பவே. கொஞ்சம் அசிங்கமா இருக்கும், ஆனா விரலுக்குத் தெரியும்."

"தைங்கோ" என்றாள் மாமி. குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. தங்கமயில் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூல் கோர்த்தாள். இரண்டு பேரும் ஹாலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அவர் நாற்காலியில் இல்லை. தரையில் இருந்தார். மூட்டையைத் தானே அவிழ்த்து, தடவித் தடவி, ஹால் முழுக்க ரஜாயை விரித்திருந்தார். ஒரு மூலை சோபாவில் ஏறிக் கிடந்தது. பால்கனிப் பக்கமிருந்து வெயில் சாய்ந்து துணிமேல் விழுந்துகொண்டிருந்தது. அடேயப்பா, என்ன அழகு! தங்கமயில் தான் தைத்ததை முதல் தடவையாய் முழுசாய்ப் பார்த்தாள். வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளை எழுந்து, கரையெல்லாம் அலை புரண்டு, உள்ளே போகப் போக அடங்கி, தரையே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. இதையா நான் சுருட்டிச் சுருட்டித் தைத்தேன் என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் விளிம்பிலிருந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கையும் முன்னால், முழங்கால் பின்னால். ஒரு அலையையும் விடவில்லை. நெருக்கமான அலையில் விரல்கள் தத்தின. அப்புறம் நீண்டன. அப்புறம், தங்கமயில் போட்ட கணக்குப்படியே, மெதுவாயின. ஒரு ஆள் முழுசாய்ப் பார்க்கிறார். நடுவில் போய் ஏமாறப்போகிறார்.

விரல்கள் நடுவைத் தொட்டன, நின்றன. உப்பிய வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். முதுகு வளைவில் தடவிக்கொண்டே மேலே போனார். குனிந்த தலைக்கு வந்ததும் அங்கேயே இருந்தார்.

"பாகீ" என்றார் அவர், ரொம்பத் தாழ்ந்த குரலில். "இங்க ஒரு பிள்ளை படுத்துண்டிருக்கான். முழங்காலை மடிச்சுண்டு, தலையைக் குனிஞ்சுண்டு. தூங்கறான்."

மாமி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"எழுப்பாதே" என்றார்.

அவர் தானும் அதன் பக்கத்தில் சாய்ந்தார். முதலில் தோளைச் சாய்த்தார், பிறகு தலையை வைத்தார். நிமிர்ந்தே இருந்த அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாய் வளைந்தது. முழங்காலை மடித்துக்கொண்டார். கை அம்பியின் மேலேயே கிடந்தது. திறந்தே இருந்த கண்கள் மூடின. கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாய் வர ஆரம்பித்தது.

தங்கமயில் நூல் கோர்த்த ஊசியைத் திரும்ப ஜாக்கெட்டில் குத்திக்கொண்டாள். மாமி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருந்தாற்போல் திடுக்கிட்டுக் கையை உதறி, வெறுங்காலோடு சமையலறைக்கு ஓடினாள். குக்கர் அடுத்த விசிலுக்கு உறுமத் தொடங்கியிருந்தது. அது கத்துவதற்குள் அடுப்பை அணைத்தாள்.

"கடலை வேகலையே மாமி" என்றாள் தங்கமயில் மெதுவாக.

"வேகாட்டாப் போறது" என்றாள் மாமி. "அம்பி தூங்கறான்."