திருப்பி அனுப்பிய பால்

அபிஷேகப்பாக்கம் பால் சொசைட்டியில் பாலைச் சோதிப்பது என் வேலை. தினமும் காலையில் புகழ்வேந்தன் கேனோடு வருவார். வைக்கோலும் பிண்ணாக்கும் வியர்வையும் கலந்த ஒரு வாடை அவருக்கு முன்னால் வரும். ஒரு வருஷமாக அந்த வாடை வந்தாலே லாக்டோமீட்டரைத் தப்பாகப் படித்துவிடுவேன். காதல் என்று சொல்ல வெட்கம். மூக்கின் வேலை என்று சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிறு அவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். உடம்பெல்லாம் ஸ்பிரே.

"இன்னா வாசனடி! மாடு வச்சிருக்கறவரு மாதிரியா இருக்காரு?" என்று அம்மா என் காதில் சொல்லிப் பூரித்தாள்.

எனக்கு யாரோ ஒருவருக்குக் காபி கொடுத்தது போலிருந்தது. ஒரு வருஷத்துப் பழக்கத்தை நம்பிச் சரி என்றேன்.

மறுநாளிலிருந்து சொசைட்டிக்கும் ஸ்பிரேயோடு வந்தார்.

"ஸ்பிரே அடிச்சிட்டுப் போனேன் மாமா, ஒரே நாள்ல ஓகே ஆயிடுச்சு," என்று வரிசையில் நின்ற தங்கவேலிடம் பெருமையடித்தார்.

நான்கு நாளாக லாக்டோமீட்டரில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. பயமாகிவிட்டது. கல்யாணம் அடுத்த மாதம்.

ஸ்பிரே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் பாலை முகர்ந்து பார்த்தேன்.

"செண்ட் வாடை அடிக்குது. எடுத்துக்க முடியாது."

"இன்னா செல்வி, என் பாலையா?"

"பால் எந்த வாடையையும் இழுத்துக்கும். ரூல்ஸ்."

தங்கவேல் சிரித்தார். "கட்டிக்கப் போறவன் பாலையே திருப்புது பாரு! நேர்மையான பொண்ணுபா."

அந்தப் பாலில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் புகழ்வேந்தன் வருவதற்கு முன்பே வைக்கோல் வாடை வந்தது. லாக்டோமீட்டரை மூன்று முறை படித்தேன். மூன்றும் வேறு வேறு.