பெரியவள் சொன்னது

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆயாம்மா, இவர் வீட்டு ஆளுங்க யாராவது வந்திருக்காங்களா? டாக்டர் பேசணுமாம்."

பெரியவள் தலையணையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "நான்தான் வீட்டு ஆளு. மூத்த பொண்ணு."

நர்ஸ் கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணக்கு உதைத்தது, அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்களும் மலச்சட்டி எடுப்பவர்களும் முக்கால்வாசி பெரியவளுடைய அம்மா வழி ஆட்கள். அதே கருமை, அதே சுருண்ட முடி. அப்பாவோ எலுமிச்சை நிறம். நோயில் இன்னும் வெளுத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாராவது இருக்காங்களா?"

"தங்கச்சி வந்துக்கிட்டிருக்கா."

"அப்ப அவங்க வந்ததும் சொல்லுங்க." நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா முதலில் கட்டியது வேற்றினத்துப் பெண்ணை. அவள் பெரியவளைப் பெற்று, நடக்கப் பேசப் பழக்கிவிட்டு, ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிறகு தன் இனத்திலேயே பார்த்துக் கட்டிக்கொண்டார். சின்னம்மாவுக்குப் பிறந்தவள் பாப்பா. நாற்பது தாண்டி, பேராசிரியையாகி, புத்தகம் எழுதிய பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். இனத்தைப் பற்றியோ பெண்களைப் பற்றியோ டிவியில் விவாதம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான் போகும். நன்றாகப் பேசுவாள். கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரும், குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுக்கும். எதுவும் நடிப்பு இல்லை. "என் அக்கா" என்று சொல்லித்தான் பெரும்பாலும் பேச்சைத் தொடங்குவாள்.

அந்த அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கல்யாணம் கூடிவராமலே போய்விட்டது. சின்னம்மா போன பிறகு அப்பா அவளோடுதான் இருந்தார்.

அன்று காலை அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. பெரியவள் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைத் தன் கையாலேயே இறக்கினார்.

"இங்க பாரு. தொண்டையில குழாய் விட வருவாங்க. விட்டுறாத."

"அதெல்லாம் ஒண்ணும் வராதுப்பா. மாஸ்க்கப் போடுங்க."

"சொல்றதக் கேளு. உன் சின்னம்மாவ ஞாபகம் இருக்குல்ல?"

இல்லாமலா? சின்னம்மாவை அப்படி வைத்திருந்தபோது இவர்கள் இருவரும்தான் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பேச முடியாது. கண் மட்டும் திறந்தபடி, யார் உள்ளே வந்தாலும் கெஞ்சியது. பாப்பா அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, தலைவாரி, பொட்டலம் போலச் சுத்தமாகப் படுக்கவைத்திருந்தார்கள்.

"மோட்டார்னா எரிஞ்ச காயிலப் பிரிச்சுட்டு வேற கட்டலாம்," என்றார் அப்பா. வாழ்நாளெல்லாம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர். "இது பாடியே போயிடுச்சு. சும்மா கரண்டு குடுத்துக்கிட்டு இருக்கக் கூடாது." தன் பேச்சு தனக்கே பிடித்துப்போனதில் லேசாகச் சிரித்து, இருமினார். இருமல் அடங்கியதும் மறுபடியும், தெளிவாக, "குழாய் வேண்டாம்," என்றார். பெரியவள் தலையாட்டினாள். அவர் தானே மாஸ்க்கை ஏற்றிக்கொண்டார்.

மதியத்துக்குள் மூச்சு மாறிவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கட்டிலின் இரண்டு பக்கமும் யாரையோ தேடினார்.

"நான் மூத்த பொண்ணு," என்றாள் பெரியவள், அவர் கேட்கும் முன்பே.

"சரிம்மா. இனிமே ஆக்சிஜன் மட்டும் தாங்காது. டியூப் போட்டு மெஷின்ல வைக்கணும்."

"அது வேண்டாங்க. அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரு. காலைலதான் சொன்னாரு."

"உங்ககிட்டயா?"

"ஆமா."

"கூட வேற யாராவது இருந்தாங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். "இல்லைங்க," என்றாள்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பாப்பா ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். கருத்தரங்கிலிருந்து நேராக வந்திருந்தாள். பேர் எழுதிய அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. "அப்பா!" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நீங்களா?" டாக்டரின் முதுகு தானாக நிமிர்ந்தது. "உங்க பேச்சு நிறைய கேட்டிருக்கேன். இவர் உங்க அப்பான்னு தெரியாது." பெரியவளிடம் சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னார். இந்த முறை நிதானமாக, நுரையீரல் எப்படி, கிருமி எப்படி, வாய்ப்பு எவ்வளவு என்று விளக்கமாகச் சொன்னார். கடைசியில், "இவங்க வேண்டாம்னு சொல்றாங்க," என்றார்.

"அப்பாதான் வேண்டாம்னாரு," என்றாள் பெரியவள்.

டாக்டர் நியாயமான ஆள். குனிந்து அப்பாவின் காதருகே சத்தமாகக் கேட்டார். "ஐயா! மூச்சுக்கு டியூப் போடலாமா? என்ன சொல்றீங்க?"

அப்பாவின் கண் எங்கெங்கோ அலைந்தது. பெரியவள் மேல் நின்றது, நகர்ந்தது. போர்வைக்கு மேல் கிடந்த கையிலிருந்து ஒரு விரல் மெல்ல எழுந்து பாப்பாவின் பக்கம் நீண்டது.

பெரியவளுக்கு அந்த விரலைத் தெரியும். வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலும், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் அப்பா அப்படித்தான் நீட்டுவார். பாப்பா ஊரில் இல்லாத நாளில்கூட, சுவரில் மாட்டியிருந்த அவள் படத்தைக் காட்டி, "சின்னவ வரட்டும், அவ விவரமா சொல்லுவா," என்பார். வாயில் வராததை அவள் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை. பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டு நிற்பவளை அந்த மாதிரி வேலைக்கு அவர் கூப்பிட்டதே இல்லை.

"மேடம்கிட்ட விட்டுட்டாரு," என்றார் டாக்டர்.

பாப்பா அக்காவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"பாப்பா, அவரே சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. சின்னம்மாவுக்கு நடந்தத நீ பார்க்கல..."

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது." பாப்பாவின் கண் நிறைந்திருந்தது. "நீ ரொம்ப ஓஞ்சு போயிருக்க. கூடவே இருந்து பார்க்கிறவங்களுக்கு, போதும்னு தோணும். அது பாவம் இல்ல. மனுஷங்களுக்கு வர்றதுதான்."

"எனக்கு ஒண்ணும் தோணல. அவரு சொன்னத சொல்றேன்."

"இன்னொண்ணும் இருக்கு. காலங்காலமா உங்க ஆளுங்களுக்கு நல்ல வைத்தியம் கேட்டு வாங்குற உரிமையே இல்லாம பண்ணிட்டாங்க. குடுக்கிறது போதும், பெருசா கேக்கக் கூடாதுன்னு பழக்கி வெச்சிருக்காங்க. அந்தப் பழக்கம்தான் உன் வாயில 'வேண்டாம்'னு வருது. நீ பேசல அக்கா, அதுதான் பேசுது. பதினஞ்சு வருஷமா இதுக்காகத்தான நான் தொண்டை கிழியக் கத்துறேன்? என் அப்பா விஷயத்துல விட்டுடுவேனா?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள். பாப்பா சொன்னதில் பொய் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் எதுவும் கேட்டு வாங்கவில்லைதான். இப்போது "நான்தான் பேசுறேன்" என்று சொன்னால் அதையும் அந்தப் பழக்கத்தின் கணக்கில்தான் எழுதுவாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பாப்பாவின் பேச்சுக்குள் ஏற்கெனவே பெரியவளுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருந்தது. அங்கே போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

"டிரைவிங் ஸ்கூல்ல நான் நிறுத்துன்னா நிறுத்துவாங்க பாப்பா," என்றாள். ஏன் அதைச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை.

பாப்பா அவளைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு உள்ளே போய் டாக்டரிடம், "போடுங்க," என்றாள்.

போட்டார்கள். கைகளையும் கட்டினார்கள். நாலைந்து நாள் அப்படி இருந்தது. பெரியவள் போவோர் வருவோரிடமெல்லாம், "கையை மட்டும் அவிழ்த்து விடுங்களேன். நான் பிடிச்சுக்கிறேன்," என்று கேட்டுப் பார்த்தாள். "பிடுங்கிட்டாருன்னா எங்க தலைதான் உருளும்," என்றாள் நர்ஸ். அவள் சொன்னதும் நியாயம்தான். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. மற்றவர்கள் வந்தால் மூடிக்கொள்வார். பெரியவளை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு நாள் அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பாப்பா காலையிலும் சாயங்காலமும் வந்து அழுதாள், டாக்டரோடு நின்று மெஷினில் ஓடும் எண்களைப் பற்றிப் பேசினாள். அவள் கணவன் பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தான்.

ஒரு மத்தியானம் பெரியவள் அவர் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்தபோது மெஷின் கத்தத் தொடங்கியது. ஆட்கள் ஓடிவந்து அவளை நகரச் சொன்னார்கள். மூன்று விரல்களில் நகம் அப்படியே இருந்தது.

அஞ்சலிக் கூட்டம் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் கொஞ்சம்; பாப்பாவுக்குத் தெரிந்தவர்கள்தான் அதிகம். பாப்பா மைக்கைப் பிடித்தாள். அப்பா கடைசி மூச்சுவரை போராடினார் என்றாள். பிறகு போட்டோ ஸ்டூடியோ கதையைச் சொன்னாள். குழந்தையாக இருந்த பாப்பாவை அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். போட்டோக்காரர், "வேலைக்காரப் பொண்ணு கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்கிறார். அப்பா கொதித்துப்போய், "அவ என் மூத்த மக! ரெண்டு பேரையும் சேர்த்து எடு, இல்லன்னா எடுக்கவே வேண்டாம்," என்கிறார். மண்டபம் மூக்கை உறிஞ்சியது.

பெரியவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் விளக்குக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, பாப்பா சிரிக்க வேண்டும் என்பதற்காக நாக்கைத் துருத்திக் காட்டினாள். படத்தில் பாப்பா அழகாகச் சிரித்திருக்கிறாள். யார் அந்தக் கதையை இப்படித் திருத்திச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை அப்பாவே சொல்லியிருக்கலாம்.

"அக்கா ரெண்டு வார்த்தை பேசட்டும்," என்று யாரோ சொன்னார்கள். மைக் கைக்கு வந்தது. இத்தனை முகங்கள் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"கையைக் கட்டி வெச்சிருந்தாங்க," என்றாள். "வேண்டாம்னுதான் சொன்னாரு. யாரும் கேக்கல. கையைக் கட்டிட்டாங்க."

முன்வரிசையில் பாப்பா முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு கணம், சொல்லியாகிவிட்டது என்று பெரியவளுக்குத் தோன்றியது.

அடுத்து வந்தவர் பாப்பாவின் கல்லூரி முதல்வர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா ரெண்டே வரியில எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. இந்தச் சமூகம் நம்ம எல்லாரோட கையையும் கட்டித்தான் வெச்சிருக்கு. அதுவும் பெண்கள் கையை, அதுவும் இவங்க மாதிரி இனத்துப் பெண்கள் கையை..." கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். வெளியே போகும்போது ஒரு மாணவி பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு ஆழமா பேசினீங்கம்மா," என்றாள். பெரியவள், "சாப்பிட்டுப் போம்மா," என்றாள்.

எல்லாரும் போன பிறகு பெரியவள் காரை எடுத்தாள். பாப்பாவின் கணவன் மண்டபக் கணக்கை முடித்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தான். பாப்பா பக்கத்து இருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தாண்டியதும், "அக்கா, ஓரமா நிறுத்தேன்," என்றாள்.

மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் நிறுத்தினாள்.

"அப்பா அன்னைக்கு..." பாப்பாவின் உதடு டிவியில் ஒருபோதும் நடுங்காத விதமாக நடுங்கியது. "நிஜமாவே சொன்னாரா?"

பெரியவள் ஸ்டீயரிங்கின் மேலிருந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு பாப்பாவைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, தலை கலைந்து, ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தாள்.

"மாஸ்க் போட்டிருந்தாரு பாப்பா. வாய் வேற குழறுச்சு. எனக்குச் சரியா கேக்கல. நானா அப்படி எடுத்துக்கிட்டேன் போல."

"அதானே," என்றாள் பாப்பா. நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது. "அதானே. அப்பா அப்படிச் சொல்ற ஆளே இல்ல."

இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குதுக்கா," என்றாள்.

மண்டபத்தில் மீந்த பன்களை யாரோ ஒரு பையில் போட்டுப் பின்னிருக்கையில் வைத்திருந்தார்கள். பெரியவள் எட்டி எடுத்து ஒன்றைக் கொடுத்தாள். பாப்பா குழந்தை மாதிரி வாய் நிறைய அடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். துகள்கள் மடியெல்லாம் உதிர்ந்தன. பெரியவள் அவற்றைத் தட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். அடுத்த பன்னின் காகிதத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.