சகலபாடியும் மீதிக் காற்றும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றெரிச்சலில் இருந்து வந்தது. மானுட நேசம், ஆழ்ந்த அவதானிப்பு என்றெல்லாம் மற்ற எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னறை சோபாவில் என் மனைவியும் சகலையும், அதாவது அவள் தங்கையின் கணவரும், கால் துடுப்பைச் சொந்தமாக வாங்கிவிடுவதா, போகிற இடத்தில் வாடகைக்கு எடுப்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் நான் ஒரு வாக்கியம் எழுதுகிறேன். கதை வேகமாக வளர்கிறது.

விஷயம் இதுதான். நாங்கள் மூவரும் கடலடியில் மூழ்கி நீந்தப் பயிற்சி எடுத்துத் தேறிவிட்டோம். படம் போட்ட அட்டைகூட வந்துவிட்டது. படத்தில் என் நெற்றியில் முகமூடியின் தழும்பு தெரிகிறது. இப்போது வெதுவெதுப்பான கடல் இருக்கும் ஒரு தீவுக்கு, முதல் முறையாக, விடுமுறைக்குப் போகத் திட்டம் போடுகிறோம். மச்சினியும் வருகிறாள். ஆனால் அவள் முழங்காலுக்கு மேல் தண்ணீரை நம்புவதில்லை, கரையில் படுத்துக்கொள்வாள்.

2

முதல் வரி சரியாக விழுந்தால் மீதி தானாக வரும் என்பார்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

"கடல் அன்றைக்கு அப்படியொரு நீலமாக..."

நிறுத்திவிட்டேன். அந்தக் கடலை நான் பார்த்ததே இல்லை. நான் மூழ்கிய ஒரே தண்ணீர் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. அதன் நிறம் பச்சை, குளிரோ எலும்புவரை.

"அவள் மூச்சு விடும் அழகைப் பார்த்தவன் தன் மூச்சை மறந்தான்."

நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். மூச்சை மறப்பதல்ல என் பிரச்சினை, அதற்கு நேர் எதிர்.

"சகலை செத்துப்போனார்."

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. (பிறகு எடுத்துவிட்டேன். எடுக்க வைத்தவள் ஐந்தாம் பகுதியில் வருகிறாள்.)

3

பாத்திரங்களை அறிமுகம் செய்ய வேண்டும்.

மனைவிக்குக் காது பரிசோதிக்கும் வேலை. சத்தம் நுழையாத ஓர் அறையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம், "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவாள். நாள் முழுக்கத் தூக்கிய கைகளை நம்பிப் பிழைப்பவள். எனக்கு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள்களுக்கு மெய்ப்பு பார்க்கும் வேலை.* சகலை லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தொழில்.

* அதனால்தான் இந்த நட்சத்திரக் குறி. "சிலருக்கு மயக்கம், குமட்டல், காரணமற்ற கோபம் உண்டாகலாம்" என்பதை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். காரணமுள்ள கோபத்துக்கு எந்தத் தாளிலும் இடமில்லை.

சகலையைக் கெட்டவராக எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஒரு தங்கப் பல் வைத்தேன், எடுபடவில்லை. உண்மையில் அவர் பெருமை பீற்றுகிறவர், அவ்வளவுதான். ஆழம் காட்டும் கடிகாரம் வாங்கி, அதைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சூப்புக் கிண்ணத்தின் ஆழத்தையா பார்க்கப்போகிறார்? கேட்டால், "பழகணும்ல சகல" என்பார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குள் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். கூட இறங்கும் ஆளுக்கு ஆங்கிலத்தில் "பட்டி" (buddy) என்று ஒரு செல்லச் சொல் இருக்கிறது. எங்கள் பயிற்சியாளர் வாயில் அது "பாடி" என்றுதான் வரும். "உங்க பாடியை எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல வச்சிக்கோங்க. பாடி காணாமப் போச்சுன்னா உடனே மேல வந்துடுங்க." முதல் நாள் நாங்கள் சிரித்த சிரிப்பில் மச்சினி பயந்துபோய், "எந்த பாடி? யாரு பாடி?" என்று கேட்டாள்.

இந்த மொழி பொல்லாதது. சகலைக்கு இன்னொரு பெயர் சகலபாடி. எவனோ ஒரு முன்னோன் எப்போதோ எனக்காகவே உண்டாக்கி வைத்த சொல். அதைவிட மோசம், இத்தனை வருஷம் அவரைத் "தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவி, குவாரிக்குப் பிறகு "பாடி" என்று கூப்பிடுகிறாள். "பாடி, அந்தச் சார்ஜரை எடுங்க." "பாடி, இந்த முகமூடி எனக்குப் பத்துமா?" விளையாட்டுக்குத்தான். எனக்கும் அது விளையாட்டு என்று தெரியும்.

4

குவாரியில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பொறாமை உங்களுக்குப் புரியாது.

கடைசித் தேர்வு அன்று நானும் அவளும் ஜோடி. சகலை பயிற்சியாளரோடு. குவாரியின் அடியில் யாரோ எப்போதோ ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை இறக்கி வைத்திருக்கிறார்கள். அதன் ஜன்னலுக்குள் ஒரு பெரிய மீன் குடியிருந்தது. அது முகத்தை நீட்ட, அவள் முகத்தைக் கொண்டுபோக, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர்தான். பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகமூடிக்குள் அவள் கண்கள் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. நான் என்ன செய்தேன்? கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். பிரமாதம் என்று.

தரையில் அதற்கு அர்த்தம் பிரமாதம். தண்ணீருக்குள் அதற்கு அர்த்தம் "போதும், மேலே போவோம்". அதைக் கண்டால் கேள்வி கேட்கக் கூடாது, காரணம் கேட்கக் கூடாது, ஜோடியும் கூடவே ஏற வேண்டும். இதைப் பாடமாகப் படித்து, தேர்வில் சரியாக எழுதியவன்தான் நானும். அவள் தயங்கினாள். நான் இரண்டு கைக் கட்டை விரல்களையும் தூக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, விதிப்படி, மெதுவாக ஏறினாள்.

"என்னாச்சு? காது வலிக்குதா?"

"இல்லையே. சூப்பர்னு சொன்னேன்."

அவள் மிதந்துகொண்டே தண்ணீரைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து சகலை மேலே வந்தார். வந்ததும் வராததுமாக, "அண்ணி! அது வண்டியை விட்டு முழுசா வெளிய வந்துச்சு. என்னை ஒரு சுத்து சுத்திட்டுப் போச்சு!"

"முழுசாவா?"

"முழுசா."

"வால் எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான். அவள் தவறவிட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. வாலைப் பற்றி மட்டும் வீடு வந்து சேரும்வரை கேட்டாள். நான் வண்டி ஓட்டினேன்.

போன வாரம் தீவிலிருந்து படகுக்காரர் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மூணு பேரா? ரெண்டு பேர் ஜோடி, ஒருத்தர் எங்க ஆளோட. புதுசா இறங்குறவங்கள்ல, காத்து ஒரே அளவு இழுக்குறவங்களை ஜோடியாப் போடுங்க. ஒருத்தர் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தா இன்னொருத்தரும் பாதியில ஏறணும் பாருங்க. யாரு யாருன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, படகுல இடம் போடணும்."

மச்சினி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தானுக்கு எவ்ளோ காத்து கொடுத்தாலும் பத்தாது. தூக்கத்துலயே ரெண்டு ஆள் காத்தை இழுப்பாருன்னு அக்கா சொல்லியிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மைதான். எல்லோருக்கும் ஒரே அளவு சிலிண்டர், நான் மட்டும் பெருந்தீனிக்காரன். அவளும் சகலையும் காற்றைக் கஞ்சத்தனமாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் இழுப்பவர்கள்.

சந்தேகமா என்று கேட்பீர்கள். இல்லை. சந்தேகமாக இருந்தால் சௌகரியம். கேட்கலாம், கத்தலாம், மன்னிப்பு வாங்கலாம். என் பிரச்சினை மீதிக் காற்று. என் காற்று தீர்ந்து, நான் படகில் ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்களுக்கு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் அவர்கள் எதையாவது பார்ப்பார்கள். என்னவென்று எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்து ஏதோ ஒரு சாப்பாட்டு மேசையில் அவள், "அன்னைக்கு அந்த..." என்பாள். அவர், "ஆமா அண்ணி" என்பார். வாக்கியத்தை முடிக்கத் தேவையே இருக்காது. முடிக்கப்படாத அந்த வாக்கியத்துக்குள் எனக்கு இடமில்லை. அதற்குத்தான் எரிகிறேன்.

5

ஆகவே சகலையைக் கொன்றேன். முதல் வரைவில் சுறா. (அந்தக் கடலில் சுறா மனிதரைத் தொடாதாம். படகுக்காரரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.) இரண்டாவதில் அவர் பெருமைக்காக அதிக ஆழம் போய்...

மூன்றாவதில் கடிகாரம் பவளத்தில் மாட்டிக்கொள்கிறது. இதில் ஒரு நீதி இருந்தது. கண்ணில் நீர் வர எழுதிக்கொண்டிருந்தபோது, டிக்கெட் விலை பார்க்க மடிக்கணினியை எடுத்துப்போக மனைவி வந்தாள். சகலை வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். நான் திரையை மூடுவதற்குள் அவள் படித்துவிட்டாள். நின்றபடியே, மேலிருந்து கீழ்வரை, வேகமாக.

"மூணு தடவை மூழ்கடிச்சிருக்க அவரை."

"கதைதானே."

"தங்கப் பல்லு வேற."

"அதை எடுத்துட்டேன்."

"சரி. நான் எங்க?"

"இருக்கியே. முன்னறையில."

"முன்னறையில சிரிக்கிறேன். குவாரியில முழிக்கிறேன். வால் எப்படின்னு கேக்குறேன். எனக்கு என்ன வேணும்னு இதுல ஒரு வரி இருக்கா? என்னமோ ரெண்டு ஆம்பளைங்க ஒரு குடைக்குச் சண்டை போடுற மாதிரி எழுதியிருக்க."

"அப்போ நீ சொல்லு. அப்படியே போடுறேன்."

"மாத்தாமப் போடுவியா?"

"மாத்தாம."

பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கீழே வருவது அவள் சொன்னது. எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தேன், அது தொழில் பழக்கம்.

6

"நாள் முழுக்க நான் சத்தத்தோட மல்லுக்கட்டுறேன். கேக்குதா, கேக்கலையா, வலது காதா, இடது காதா. வீட்டுக்கு வந்தா நீ. நீ நல்லவன்தான். ஆனா பேசிட்டே இருப்ப. ஒரு மரத்தைப் பாத்தா அது எது மாதிரி இருக்குன்னு சொல்லுவ. மழை வந்தா அதுக்கு ஒரு வரி சொல்லுவ. நான் பாக்குறதுக்குள்ள நீ சொல்லி முடிச்சிருப்ப. தண்ணிக்குள்ள போனப்பதான் முதல் தடவையா யாரும் எனக்கு எதையும் சொல்லல. அந்த மீன் என்னைப் பாத்துச்சு. நான் அதைப் பாத்தேன். உன்கிட்ட காட்டலாம்னு திரும்புனேன். நீ உடனே அதுக்கு மார்க் போட்ட."

"அது தப்பான சைகை. நான்தான் மறந்து..."

"சைகை தப்புங்கிறது இல்ல. அது சரியான சைகையா இருந்திருந்தாலும் மார்க்தான்."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: "சகலை மட்டும் அளக்கலையா?"

"அளக்குறார். மேல வந்தப்புறம் அளக்குறார். கீழ கம்முனு இருக்கார்." எழுந்துகொண்டாள். "படகுக்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். நான் முடிவு பண்ணப்போறதில்ல, நீ சொல்லு. நீ என்கூடத்தான் இறங்குவேன்னா வா. உன் காத்து தீர்ந்ததும் நானும் ஏறிடுவேன். அதுக்காக மூஞ்சியத் தூக்கி வச்சிக்க மாட்டேன், சொல்லிக்காட்டவும் மாட்டேன். ஆனா நீதான் சொல்லணும். கதையில இல்ல. என்கிட்ட, வாயால."

7

முடிவுகள். என்னிடம் இருப்பவற்றைப் பரப்பிவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அ) "நீ அவர்கூடப் போ" என்கிறேன். பெருந்தன்மை. நீங்கள் தலையாட்டுகிறீர்கள். இந்த முடிவில் எனக்கு உங்களையும் பிடிக்கவில்லை. பெருந்தன்மையாக இருப்பவன் படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியுமா? குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

ஆ) "என்கூட வா" என்கிறேன். சொன்ன சொல் மாறாதவள், வருவாள். என் காற்று தீரும். அவள் ஏறுவாள், முகம் வாடாமல். ஏறும்போது ஒரே ஒரு தடவை கீழே குனிந்து பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்கு நான் என்ன விலை கொடுப்பது?

இ) நானும் சகலையும் ஜோடி. சொல்லிலேயே இருக்கிறதே, சகலபாடி! என்னால் அவரும் பாதியில் ஏற வேண்டியிருக்கும். கடிகாரம் அழுதுகொண்டே ஏறும். இதை நினைத்து அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான், அப்படியானால் அவள் படகுக்காரரின் ஆளோடு இறங்குவாள் என்பது உறைத்தது. அந்த ஆள் எப்படி இருப்பான் என்று தெரியாது. தெரியாதவன் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது.

ஈ) மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொண்டு நான் திருந்திவிடு...

வேண்டாம். இது மருந்துத் தாளில்கூட வராத பொய்.

8

இதை எழுதும்போது அவள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள். "என்ன, எழுதியாச்சா?" என்றாள். "ஒரு நிமிஷம்" என்றேன். "சரி" என்றாள். அவசரப்படுத்தவில்லை.

மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனேன்.

...

திரும்பி வந்துவிட்டேன். சொல்லிவிட்டேன். வாயால், அவளிடம், ஒரே வாக்கியம். அதைக் கேட்டு அவள் ஒன்று செய்தாள். நான் அதைப் பார்த்தேன். அது எது மாதிரி இருந்தது என்று எழுத விரல் பரபரக்கிறது. எழுதப்போவதில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதையும் உங்களுக்குச் சொல்வதாக இல்லை. மேலே இருக்கும் அ, ஆ, இ, ஈ எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். இத்தனை பக்கம் கூடவே வந்தவர்களுக்கு இது அநியாயம்தான். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று அந்த வாசலில் இருக்கிறது, உங்களுக்கு அதில் இடமில்லை.

இப்போது லேசாக எரியும். எனக்குத் தெரியும், எரியட்டும்.